தங்க அட்டைக்கு ஒரு விருந்தாளி

போர்டிங் பாஸை வைத்த கருவியில் சிவப்பு விளக்கு இரண்டாம் தடவையும் எரிந்தது.

"இன்னொரு தடவ வச்சுப் பாருங்களேன் அக்கா."

"எத்தன தடவ வச்சாலும் சிவப்புதாம்மா. இது சாதாரண டிக்கெட்."

மேசைக்கு இந்தப் பக்கம் நெதெல்கா. அந்தப் பக்கம், மழைக்கோட்டின் பொத்தான்களை மாற்றிப் போட்டிருந்த ஒரு பெண். போர்டிங் பாஸில் பெயர் ஸெவ்தா என்று இருந்தது. மியூனிக் போகிறவள். காலை ஒன்பது ஐந்துக்குக் கிளம்ப வேண்டிய விமானம், திரையில் மாலை நாலு நாற்பது என்று மாறியிருந்தது.

சோபியா விமான நிலையத்தில், சிறப்புப் பயணிகள் காத்திருக்கும் இந்த லவுஞ்சின் கண்ணாடிக் கதவுக்கு முன்னால் நெதெல்கா இருபத்திரண்டு வருடங்களாக உட்கார்ந்திருக்கிறாள். அதற்கு முன் ஓப்பரா அரங்கில் கோட்டுகளை வாங்கி மாட்டும் வேலை. அங்கேயும் வாசல்தான். ஒரு பாட்டைக்கூட முழுதாகக் கேட்டதில்லை. இங்கே உள்ளே நாற்பது சோபாக்கள் இருக்கின்றன. ஒன்றிலும் உட்கார்ந்ததில்லை.

"எனக்குச் சாப்பாடெல்லாம் வேண்டாங்க்கா. சத்தமில்லாத ஒரு மூலை போதும். நம்ம நேரம் ரெண்டரைக்கு அங்க கோர்ட்டு. நேர்ல போய் நின்னிருக்கணும், பிளேன் கழுத்தறுத்துடுச்சு. போன்ல முகத்தக் காட்டினாப் போதும்னு ஜட்ஜம்மா ஒத்துக்கிட்டாங்க. ஆறு வயசுப் பொண்ணுக்கா. எங்கிட்ட இருக்கறதா, அவங்கப்பன்கிட்ட இருக்கறதான்னு இன்னிக்குத்தான்..."

கீழே கூடத்தில் கால்பந்து ரசிகர்கள் மேளம் அடித்துப் பாடிக்கொண்டிருந்தார்கள். எங்கோ யாரோ சுவரைத் துளைத்துக்கொண்டிருந்தார்கள். மணி இரண்டு பத்து.

நெதெல்கா முகத்தை அசைக்கவில்லை. போன மாதம் ஒரு வியாழக்கிழமை இதே மேசை முன் ஒருத்தி அழுதாள். பணியில் இருந்த கிரெமெனா மனம் இளகிக் கதவைத் திறந்துவிட்டாள். அழுதவள் கம்பெனியே அனுப்பிய ஆள், பயணி வேடத்தில் சோதனை செய்ய வந்தவள். வெள்ளிக்கிழமை கிரெமெனாவின் நாற்காலியில் வேறொருத்தி. இந்த வாரமும் அப்படி ஓர் ஆள் வரும் என்று கடிதம் வந்திருந்தது. என்றைக்கு என்று இல்லை. நெதெல்காவுக்கு அறுபது வயது. ஓய்வூதியத்துக்கு இரண்டு வருடம் இருந்தது. இந்த வயதில் இன்னொரு வாசல் கிடைக்காது.

"காசு கட்டிப் போகலாம்னு போர்டுல எழுதியிருக்கே?"

"கூட்ட நேரத்துல கிடையாது. ஒண்ணுலேர்ந்து நாலு வரைக்கும் நிறுத்தி வச்சிருக்கோம். பேங்க் கார்டு ஏதும் இருக்கா, லவுஞ்ச் குறி போட்டது?"

ஸெவ்தா பர்ஸை மேசையில் கவிழ்த்தாள். மளிகைக்கடை அட்டை, பேருந்துச் சீட்டு, இரத்த வகை எழுதிய அட்டை. ஒவ்வொன்றையும் நெதெல்கா திருப்பிப் பார்த்தாள். ஒன்றுமில்லை.

"என்ன நெதா, இன்னிக்கு யார வெரட்டிட்டிருக்க? உன்னச் சொர்க்க வாசல்ல நிறுத்தினா உள்ள ஈ காக்கா நுழையாது."

கரமிஹோவ். லிஃப்ட் உதிரிபாகம் விற்கிறவர். மாதத்தில் இரண்டு தடவை வியன்னா போவார். பருப்பு சூப் மட்டும் குடிப்பார். கிளம்பும்போது இரண்டு பனித்ஸாக்களைக் காகிதத்தில் சுற்றிக் கோட்டுப்பையில் போட்டுக்கொள்வார். அந்தப் பாலாடைக்கட்டிப் பணியாரங்கள் போவதைப் பதினோரு வருடமாக நெதெல்கா பார்க்காதவள்போல் இருந்துவருகிறாள்.

"தங்க அட்டையக் காட்டுங்க சார்."

"பதினோரு வருஷமா இதே மூஞ்சிதான."

"மூஞ்சிக்குப் பச்சை எரியாது."

பச்சை எரிந்தது.

ஒரு பயணியை இன்னொரு பயணியிடம் சேர்த்துவிடக் கூடாது என்பது விதி. விதியைச் சொல்லக் கூடாது என்று விதி இல்லை. நெதெல்கா ஸெவ்தாவின் பக்கம் திரும்பினாள். குரலை உயர்த்தினாள்.

"உள்ள போக வழி இவ்வளவுதாம்மா. பிசினஸ் கிளாஸ் டிக்கெட் வேணும். இல்லாட்டி விமானக் கம்பெனி அட்டை. இல்லாட்டி பேங்க் அட்டை. அதுவும் இல்லாட்டி, தங்க அட்டைக்காரர் கூட ஒரு விருந்தாளி போகலாம். சொந்தமா, சிநேகமான்னு நாங்க கேக்கறதில்ல. அந்த அட்டை செல்லுற கம்பெனிக் கூட்டணி விமானத்துல இன்னிக்கே போறவங்களா இருந்தாப் போதும். மியூனிக் அந்தக் கூட்டணிதான்."

இத்தனையும் புதினா மிட்டாய்க் கிண்ணத்தைப் பார்த்துச் சொன்னாள். இந்த இருவரில் யாராவது ஒருவர் கம்பெனி அனுப்பிய ஆளாக இருந்தால் வேலை இதோடு சரி. காது சூடாகியது.

கதவில் கை வைத்திருந்த கரமிஹோவ் நின்றார்.

"நெதா, நீ இவ்வளவு நீளமாப் பேசி நான் கேட்டதேயில்ல." ஸெவ்தாவின் கோட்டுப் பொத்தான்களைப் பார்த்தார். "சரி. இந்தம்மா என் விருந்தாளி. எழுதிக்க."

"ஒண்ணு சார். நீங்க கிளம்பினா அவங்களும் கிளம்பணும்."

"எனக்கு ரெண்டு நாப்பதுக்குக் கூப்பிடுவான்."

"தெரியும்."

கண்ணாடிக் கதவை ஒட்டி உள்ளே ஒரு சிறிய தொலைபேசி அறை. இரண்டு இருபத்தெட்டுக்கு ஸெவ்தா அதன் வாசலில் நின்று பொத்தான்களைச் சரியாகப் போட்டாள். நெதெல்கா மேசையிலிருந்த தண்ணீர்க் குவளையோடு எழுந்து வந்து, அறை வாசலில் நெடுக ஊற்றினாள். கை செய்துவிட்டது. மகன் பரீட்சைக்குப் போகும் ஒவ்வொரு காலையும் ஊற்றியிருக்கிறாள், காரியம் தண்ணீர்போல ஓட வேண்டும் என்று. கணவன் ஸ்பெயினுக்குப் போனபோதும் ஊற்றினாள். அவன் போனது மட்டும் தடையில்லாமல் நடந்தது.

ஸெவ்தா அந்த ஈரத்தைத் தாண்டி உள்ளே போனாள். ஏன் என்று கேட்கவில்லை. அந்த ஊரில் எல்லோருக்கும் தெரிந்த வழக்கம் அது. மேலே கேமரா இருந்தது.

லவுஞ்சில் விமான அறிவிப்பு ஒலிக்காது. நேரமானவர்களை நெதெல்காதான் போய்த் தொட்டு எழுப்புவாள். இரண்டு நாற்பதுக்கு கரமிஹோவிடம் போனாள்.

"சார், வியன்னா."

"சூப்பு இருக்கு."

கிண்ணம் துடைத்ததுபோல் இருந்தது. அறைக் கதவு திறக்கவில்லை.

இரண்டு ஐம்பதுக்கு மறுபடி போனாள். "சார், கடைசி அழைப்பு."

"நான் இன்னும் கிளம்பலயே. கிளம்பினாத்தான அவங்க கிளம்பணும்?"

மேசையில் தொலைபேசி அடித்தது. விமான வாயிலிலிருந்து ஓர் ஆண் குரல். "கரமிஹோவ்னு ஒருத்தர் அங்க இருக்காரா? அவர் பெட்டிய இறக்கிடவா?"

"இருக்காரு. வந்துட்டிருக்காரு."

"வந்துட்டிருக்காரா, இருக்காரா?"

நெதெல்கா தொலைபேசி அறையின் பனி படர்ந்ததுபோன்ற கண்ணாடியைப் பார்த்தாள். அதன் பின்னால் ஸெவ்தாவின் நிழல் எழுந்து நின்றது. மறுபடி உட்கார்ந்தது.

"வராருன்னேன்."

"மூணு அஞ்சுக்கு மூடிருவேன்மா. அப்புறம் எம்மேல கோவிச்சுக்கக் கூடாது."

மூன்று ஒன்று. கரமிஹோவ் கோட்டைப் போட்டுக்கொண்டு அறைக்கு எதிரே வந்து நின்றார். நெதெல்கா அவரைப் பார்க்கவில்லை, கடிகாரத்தைப் பார்த்தாள். மூன்று இரண்டுக்குக் கதவு திறந்தது.

"ரெண்டு வாரம் தள்ளிப் போட்டிருக்காங்க," என்றாள் ஸெவ்தா. "அதுவரைக்கும் எங்கிட்டதான் இருப்பா."

கரமிஹோவ் தலையாட்டிவிட்டு ஓடினார். ஈரத்தில் கால் வழுக்கி, கண்ணாடிக் கதவில் மோதி, மேசையைப் பிடித்து நின்றார். மிட்டாய்கள் தரையில் சிதறின.

"எனக்குமா ஊத்தின?"

"ஓடுங்க சார்!"

அவர் பனித்ஸா எடுக்கவில்லை. ஸெவ்தா குனிந்து மிட்டாய்களைப் பொறுக்கிக் கிண்ணத்தில் போட்டாள்.

"நீங்களும் கிளம்பணும்மா," என்றாள் நெதெல்கா.

"தெரியும் அக்கா."

அவள் மேளச் சத்தத்துக்குள் இறங்கிப் போனாள்.

மறுநாள் காலை எட்டு மணிக்கு மேற்பார்வையாளர் இரண்டு தாள்கள் கொண்டுவந்தார். முதல் தாளில், வேடமிட்ட ஆள் திங்கட்கிழமையே வந்துபோயிருந்தார் என்றும் நெதெல்கா தவறு செய்யவில்லை என்றும் இருந்தது. இரண்டாவது நேற்றைய கேமராப் பதிவைப் பற்றியது. விருந்தாளி நுழைவு விதிப்படி சரி. பணியாளர் வேண்டுமென்றே தரையில் தண்ணீர் ஊற்றினார், பயணி வழுக்கினார்: எழுத்து மூலம் எச்சரிக்கை. இன்னொரு எச்சரிக்கை வந்தால் வேலை முடியும். நெதெல்கா இரண்டிலும் கையெழுத்துப் போட்டாள். மேசையிலிருந்த குவளைக்குப் பதிலாக மூடி போட்ட பாட்டில் கொடுத்தார்கள். விமான வாயிலில் விசாரித்தாள். கரமிஹோவ் மூன்று ஐந்துக்கு ஏறியிருந்தார். ஒன்பது மணிக்கு இஸ்தான்புல் பயணிகள் வந்தார்கள். முதல் அட்டைக்குப் பச்சை எரிந்தது.