பேத்திக்காக ஒரு மூடி கூடுதல்

லாண்டரிக்காரர் வருவதைத் தெருவில் மூக்குதான் முதலில் கண்டுபிடிக்கும். அதனால் அவருக்குக் கமகம மாமா என்று பெயர். துவைக்கும்போதே வாசனை மணிகளை ஒரு கை அள்ளி மெஷினுக்குள் போடுவார், கடைசி அலசலில் துணியை மெதுவாக்கும் சாஃப்ட்னர் ஊற்றுவார். "துணி பூனைக்குட்டி மாதிரி மடியில உட்காரணும்யா" என்பார்.

மகளுக்குப் பெண் குழந்தை பிறந்ததும் மனுஷனுக்குத் தலைகால் புரியவில்லை. குழந்தையின் துணியெல்லாம் இனி என் கடையில்தான் என்று மகளின் புகுந்த வீட்டில் சொல்லிவிட்டார்.

கொஞ்ச நாளில் குழந்தையின் கழுத்திலும் முதுகிலும் சிவப்புத் திட்டுகள். துணி உரசுகிறது போலும் என்று அவர் சாஃப்ட்னரை ஒரு மூடி கூட்டி ஊற்றினார். திட்டு பரவியது. இன்னொரு மூடி ஊற்றினார். அவர் தூக்கித் தோளில் போட்டாலே குழந்தை வீறிட்டது.

"ஊர் அழுக்கையெல்லாம் தொடுற கை, சம்பந்தி. பிஞ்சு உடம்பு தாங்குமா? கொஞ்ச நாள் தூக்காம இருங்களேன்" என்றார் சம்பந்தியம்மா.

அழுக்காக்குகிறவன் கை சுத்தமாம், அதைப் போக்குகிறவன் கை ஆகாதாம்! எந்த மூளையில் உதித்த கணக்கோ, இன்னும் செல்லுபடியாகிறது. வேறு யாராவது சொல்லியிருந்தால் மாமா உண்டு இல்லை என்று ஆக்கியிருப்பார். பேத்தி விஷயம் என்பதால் பயந்துவிட்டார். கை தோலுரியும்வரை தேய்த்துக் கழுவினார். வாசற்படியிலேயே நின்று குழந்தையைப் பார்த்துவிட்டுத் திரும்பினார்.

அந்த நேரத்தில்தான் முடிவெட்டும் கடைக்காரர், மாமா துவைத்துக் கொடுத்திருந்த ஒரு மூட்டைத் துண்டோடு வந்து சண்டை பிடித்தார்.

"மாமா, இது துண்டா, தாமரை இலையா? தலையைத் துவட்டினா தண்ணி உருண்டு காதுக்குள்ள போகுது. கஸ்டமர் என்னை அடிக்காத குறை!"

"சும்மா கதை விடாதே" என்று மாமா துண்டின்மேல் தண்ணீரைத் தெளித்தார். சொட்டுகள் ஊறாமல் முத்து முத்தாக நின்றன. அவர் முகம் மாறியது. அலசலோடு போகாமல் சாஃப்ட்னர் துணியிலேயே பூச்சாகத் தங்குகிறது. அப்படியானால் குழந்தையின் துணியில்? அவள் முகம் புதைக்கிற தன் சட்டையில்?

மகளுக்குப் போன் போட்டார். "பாப்பா துணி ஒண்ணு விடாம எடுத்துட்டு வாம்மா. தப்பு என் மேலதான். ஆனா கையில இல்ல."

வாசனையில்லாத சோப்பில் துவைத்து, அலசிய தண்ணீரை முகர்ந்து பார்த்து, மணம் முழுதும் போகும்வரை திரும்பத் திரும்ப அலசினார். தன் சட்டைகளையும் விடவில்லை.

திட்டுகள் மெல்ல மங்கின. ஒருநாள், அட்டை மாதிரி விறைத்த சட்டையோடு சம்பந்தி வீட்டுக்குள் நுழைந்தார்.

"யாரது?" சமையலறையிலிருந்து சம்பந்தியம்மா எட்டிப் பார்த்தார். "நீங்களா! வாசனையே வரலையே."

"சட்டையைத்தான் மாத்தித் துவைச்சேன், சம்பந்தியம்மா. கை அதே கைதான்."

மகள் குழந்தையை அந்தக் கையில் கொடுத்தாள். அது அவர் தோளில் மூக்கைத் தேய்த்து, ஒருமுறை முனகிவிட்டுத் தூங்கிப்போனது.

சம்பந்தியம்மா கையைத் துடைத்துக்கொண்டு அருகில் வந்தார். பிறகு, "என் சேலையையும் இதே மாதிரி துவைச்சுக் குடுங்க" என்றார்.

"ஊர் அழுக்கைத் தொடுற கையாச்சே, பரவாயில்லையா?"

"சும்மா இருங்க சம்பந்தி. புள்ள முழிச்சுக்கப் போகுது."