புகைத் துருத்தி

வேதநாயகம் கெட்டிக்காரன். அதில் ஊரில் யாருக்கும் சந்தேகம் கிடையாது. அவனுக்கோ துளிகூடக் கிடையாது, கெடுத்ததே அதுதான்.

யுத்தத்தில் அஸ்ஸாம் பக்கம் ஒரு விமானத் தளத்தில் ஃபிட்டராக இருந்தவன். மலேரியா அடித்துப் போட்டதில் லாயக்கில்லை என்று அனுப்பிவிட்டார்கள். அருப்புக்கோட்டையில் பஞ்சு மில்லுக்குப் பக்கத்தில் பட்டறை போட்டான். வாயைத் திறந்தால் அமெரிக்காக்காரனின் ஏரோப்ளேன்தான். அவன் பெண்டாட்டி ஞானப்பூவுக்கே அந்த இன்ஜினைப் பிரித்து மாட்டத் தெரியும் என்று கேலி பேசுவார்கள்.

ஞானப்பூவின் அண்ணன் மரியராஜ். வேதநாயகமும் அவனும் சேர்ந்து கோலி விளையாடித் திரிந்த பயல்கள். தங்கச்சி புருஷன் என்ற மரியாதையெல்லாம் மரியராஜ் வாயில் வராது, 'ஏலே'தான். அவன் வீடு திருச்சுழி தாண்டி, குண்டாற்றுக்கு அக்கரையில். பாலம் கிடையாது, மணலில் இறங்கித்தான் ஏற வேண்டும். பழைய ஆஸ்டின் கார் ஒன்றில் அங்கிருந்து அருப்புக்கோட்டைக்கு ஆள் ஏற்றிப் பிழைத்தான். பெட்ரோலை யுத்தம் குடித்துவிட்டதால், எல்லாரையும் போல வண்டிக்குப் பின்னால் அடுப்பு கட்டி, கரியை எரித்து, அந்தக் கேஸில் ஓட்டினான். கரிக் கேஸில் இன்ஜினுக்குப் பழைய பலம் வராது. ரோட்டில் எப்படியோ போகும், ஆற்று மணலில் படுத்துக்கொள்ளும். இறங்கித் தள்ளுவதற்கா கூலி என்று ஜனம் மாட்டு வண்டிக்கே போனது. அவன் பெண்டாட்டி ஜெயக்கொடி அப்போது தலைச்சன் பிள்ளையைச் சுமந்துகொண்டிருந்தாள்.

"கேஸை இன்ஜினுக்குள்ள அமுக்கி ஊதணும் மச்சான், துருத்தி வச்சு," என்றான் வேதநாயகம். "இன்ஜின் புல்லியிலருந்து பெல்ட்டு போட்டு அதைச் சுத்தலாம். இல்லைன்னா, அமெரிக்காக்காரன் ஏரோப்ளேன்ல மாதிரி, வீணா வெளிய போற புகையை ஒரு சக்கரத்துல மோதவிட்டு, அந்தச் சுத்துலயே ஊத வைக்கலாம்."

"மணல்ல எதுலே இழுக்கும்?"

வேதநாயகத்துக்குப் பதில் தெரியும். பெல்ட்டு இன்ஜினோடு சேர்ந்தே சுற்றும், மெதுவாகப் போனாலும் ஊதும். புகைச் சக்கரம் வேகம் பிடித்த பிறகுதான் ஊதும். மணலில் வேகம் ஏது? தெரிந்தும் சொல்லவில்லை.

"பெல்ட்டு இன்ஜின் பலத்தையே திங்கும் மச்சான். புகை ஓசி," என்றான். அது பொய்யில்லை, பாதி உண்மை.

"எனக்குப் பெல்ட்டே போதும்லே. மில்லுல பாத்திருக்கேன், அறுந்தா நானே மாட்டிக்கிருவேன்."

மில்லில் பார்த்திருக்கிறேன் என்றதுதான் வேதநாயகத்தைச் சுட்டது. எல்லா மில்லிலும் ஓடுகிற பெல்ட்டை மாட்டினால் எவன் நின்று பார்ப்பான்? புகையில் சுற்றும் சக்கரத்தை மதுரையில்கூட எவனும் கண்டதில்லை. பேசிப் பேசி மச்சானைச் சம்மதிக்க வைத்தான்.

மதுரையில் சொல்லிச் சக்கரம் கடைந்து வாங்கி மாட்டினான். அருப்புக்கோட்டை ரோட்டில் கார் பறந்தது. ஜவுளிக்கடை முதலாளிகள்கூட இறங்கி வந்து பார்த்தார்கள். மணலுக்கும் ஒரு உபாயம் சொன்னான். கரையிலேயே வேகம் எடுத்துக்கொண்டு இறங்கினால் தாண்டிவிடும். காலி வண்டி அப்படித் தாண்டவும் செய்தது.

ஒரு காலையில் ஜெயக்கொடிக்கு வலி கண்டது. பிள்ளை கோணிக் கிடக்கு, ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போங்க என்றாள் மருத்துவச்சி. வேதநாயகமும் ஞானப்பூவும் அன்று மரியராஜ் வீட்டில்தான் இருந்தார்கள், அவர்களும் ஏறிக்கொண்டார்கள். கரையில் மரியராஜ் வேகம் எடுத்தான். வண்டி தூக்கிப் போட்டதில் ஜெயக்கொடி அலறினாள். அந்த அலறலைக் கேட்டுவிட்டு எந்தப் புருஷன் மேலும் மிதிப்பான்? வேகத்தைக் குறைத்தான். புகைச் சக்கரம் ஊதுவதை நிறுத்தியது. நடு ஆற்றில் கார் புதைந்தது.

வேதநாயகம் பின்னால் நின்று தள்ளினான். அடுப்புத் தகரத்தில் கை வெந்தது அவனுக்குத் தெரியவில்லை. கடைசியில் மாட்டு வண்டி பிடித்து, அதில்தான் ஜெயக்கொடியைக் கொண்டுபோனார்கள். அவள் பிழைத்தாள். பிள்ளை பிழைக்கவில்லை.

கைப்புண் ஆறுமுன்பே வேதநாயகம் புகைச் சக்கரத்தைக் கழற்றி எறிந்தான். மில்லில் கழித்துப் போட்ட தோல் பெல்ட்டை வாங்கித் துருத்திக்கு மாட்டினான். மரியராஜ் ஆள் நிறைய ஏற்றி மணலில் இறங்கினான். கார் முக்காமல் முனகாமல் அக்கரை போய்த் திரும்பி வந்தது. ஆட்களை அனுப்பிவிட்டு, ஸ்டியரிங்கைப் பிடித்தபடியே வேதநாயகத்திடம் கேட்டான்.

"இதுதான் மணல்ல இழுக்கும்னு முன்னமே தெரியுமாலே?"

"தெரியும் மச்சான்."

மரியராஜ் இறங்கினான். கோபப்படுவான், அடிப்பான் என்று வேதநாயகம் நின்றான். அடித்தால் தேவலை என்றிருந்தது.

"சரிங்க மாப்பிள்ளை. வெயில் ஏறிருச்சு, நீங்க வீட்டுக்குக் கிளம்புங்க."

அதற்குப் பிறகு ஒரு நல்லது கெட்டது விடாமல் மரியராஜ் அவனை வாசலுக்கே வந்து அழைத்தான், "வாங்க மாப்பிள்ளை, உக்காருங்க, சாப்பிடுங்க" என்று. தங்கச்சி புருஷனுக்கு இவ்வளவு மரியாதை தருகிற ஆளைப் பார்த்ததில்லை என்று ஊர் மெச்சியது. சாகிற வரைக்கும் வேதநாயகம் அந்தச் சாப்பாட்டைத் தலை நிமிராமல் சாப்பிட்டான்.