விழாமல் ஓடிய பெட்டி

பிரிக்ஃபீல்ட்ஸில் ஒரு மூக்குக்கண்ணாடிக் கடையின் மாடியில் எங்கள் சிறிய அலுவலகம். மேரு என்ற ஊரில் இருந்த ஒரு குளிர்பதனக் கிடங்கின் வெப்பநிலையை நெட்வொர்க் வழியே அனுப்பும் பெட்டிகளுக்கு நாங்கள்தான் நிரல் எழுதினோம். அவை அடிக்கடி திடீரென்று நின்றுபோயின; பெட்டி விழுந்துவிட்டது என்போம்.

கோளாறைத் தேடியவர் என்னோடு வேலை பார்த்த அக்கா. என்னைவிட அனுபவசாலி. ஒரு நாள் காலையில், "இனிமே விழாது," என்றார். விழவும் இல்லை. முதலாளிக்கு ஒரே சந்தோஷம். எனக்கு மட்டும் ஏதோ உறுத்தியது.

"எப்படிக்கா சரியாச்சு?"

"ஒரு லைனைத் தூக்கிட்டேன். ஓடுதுதானே, பிறகு என்ன லா?"

அவர் இல்லாத நேரத்தில் நிரலின் பழைய பிரதியில் அந்த வரியைத் தேடிப் பார்த்தேன். பெட்டி ஒவ்வொரு செய்தியையும் அனுப்பும்போது மெமரியில் கொஞ்சம் இடம் பிடிக்கும். பதில் வந்ததும் அதை விட்டுவிடும். பதில் தாமதமானாலும் காத்திருந்து பார்த்துவிட்டு விட்டுவிடும். அதற்குப் பிறகு பதில் வந்து சேர்ந்தால், விட்ட இடத்தையே மறுபடி தொட்டு, மறுபடி விடும். அங்கேதான் பெட்டி விழுந்திருக்கிறது. தாமதமானால் இடத்தை விடச் சொல்லும் வரியை அக்கா நீக்கியிருந்தார். அப்படியென்றால், பதில் வராமலே போனால் பிடித்த இடத்தை எது விடும்?

சோதனைக்காக மேசையில் வைத்திருந்த பெட்டியின் நெட்வொர்க் கேபிளைப் பிடுங்கிப் பிடுங்கிச் செருகினேன். மிச்ச மெமரி குறைந்துகொண்டே போனது, திரும்ப ஏறவில்லை. விழுவது நிற்கவில்லை, மெமரி தீரும்வரை தள்ளித்தான் போயிருக்கிறது.

"என் வேலையைப் பின்னாடி வந்து செக் பண்றியா?" அக்கா வாசலில் நின்றிருந்தார். முகம் சிவந்திருந்தது.

நான் கேபிளை அவரிடம் நீட்டினேன். அவரும் பிடுங்கிப் பார்த்தார். மிச்ச மெமரி மறுபடி குறைந்தது. பிறகு நாற்காலியை இழுத்து என் பக்கத்தில் போட்டார்.

நீக்கிய வரியைத் திரும்ப வைத்தோம். ஆனால் இடத்தை விடுவதற்கு முன், பதிலுக்குக் காத்திருக்கும் செய்திகளின் பட்டியலிலிருந்து அந்தச் செய்தியை எடுத்துவிடச் செய்தோம். இனி பிந்தி வரும் பதிலுக்குத் தொட எதுவும் இருக்காது. பெட்டி அதை அப்படியே தள்ளிவிடும்.

இருவருமாக மேருவுக்குப் போனோம். கிடங்கு மேற்பார்வையாளர் கையைக் கட்டிக்கொண்டு நின்றார்.

"இனிமே விழாதுன்னுதான் போன தடவையும் சொன்னீங்க, பாஸ்."

அங்கிருந்த பெட்டியின் முன் உட்கார்ந்தோம். எங்களுக்கே முழு நம்பிக்கை இல்லை. அக்கா கேபிளைப் பிடுங்குவார், நான் மிச்ச மெமரியின் எண்ணைப் பார்ப்பேன்; பிறகு நான் பிடுங்க, அவர் பார்ப்பார். எண் இறங்கும், சற்று நேரத்தில் பழைய இடத்துக்கு ஏறிவிடும்; பெட்டியும் விழாது. மாலை வரை அப்படியே உட்கார்ந்திருந்தோம்.


"போதுமா?" என்றார் அக்கா.

"இன்னும் ஒரு தடவைக்கா."

அவர் சிரிக்கவில்லை. கேபிளைப் பிடுங்கினார்.