கண் பட்ட குரல்

சென்ற சனிக்கிழமை மலாக்கா டவுனில் ஒரு கடைவீட்டின் மாடியில் உட்கார்ந்திருந்தேன். வாசிக்கச் சிரமப்படும் பிள்ளைகளைச் சோதித்துப் பார்க்கும் இடம் அது. என் அக்கா கஸ்தூரியின் மகள் யாழினி உள்ளே இருந்தாள். இரண்டாம் வகுப்புப் படிக்கிறாள். எங்களுக்கு எதிரே இருந்த மலாய்க்கார மாக்சிக் ஒருவர், நடுத்தர வயது அம்மா, தன் கைப்பையிலிருந்து ஒரு தைலக் குப்பியை எடுத்து நெற்றியில் தடவிக்கொண்டார். கற்பூரமும் புதினாவும் கலந்த நெடி ஏர்கோன் குளிரில் அறை முழுக்கப் பரவியது. அக்கா எழுந்து வெளியே போய்விட்டாள்.

பட்டியல் போடாமல் எனக்கு எதுவும் ஓடாது. அலோர் காஜா பக்கம் ஒரு தொழிற்சாலையில் இயந்திரப் பராமரிப்பு வேலை. அந்தப் புத்தி வீட்டுக்கும் வந்துவிட்டது. பசார் மாலாம் என்னும் இரவுச் சந்தைக்குக்கூட வாங்க வேண்டியதை வரிசையாக எழுதிக்கொண்டு போவேன். அங்கே சுடச்சுட மடித்துத் தரும் அப்பம் பாலிக் மணத்தில் வரிசை தோற்றுப்போவது வேறு கதை. அன்றும் கேட்க வேண்டிய கேள்விகளைக் கைப்பேசியில் எழுதி வைத்திருந்தேன். தைல நெடியில் ஒன்றும் மனத்தில் நிற்கவில்லை.

சின்ன வயதில் எங்கள் வீட்டில் அந்த வாசனை வந்தால் அக்கா படிக்க உட்கார்ந்திருக்கிறாள் என்று அர்த்தம். பெம்பானை ஒட்டிய செம்பனைத் தோட்டத்தில், தொழிலாளர்கள் வரிசையாகக் குடியிருக்கும் லயத்து வீடு. சாயங்காலம் புத்தகத்தைத் திறந்த கொஞ்ச நேரத்தில் அக்காவுக்குத் தலை வலிக்கும். அம்மா தைலம் தேய்த்துவிடுவார். அப்பா ஜாசின் டவுனுக்குக் கூட்டிப் போய்க் கண்ணாடி வாங்கிக் கொடுத்தார். கண்ணாடி போட்டதும் அக்காவுக்கு ஒரு டீச்சர் களை வந்ததே தவிர வலி போகவில்லை.

என்னிடம் மட்டும் ஒருநாள் சொன்னாள்: "நேத்துப் பார்த்த எழுத்துடி. இன்னைக்குப் பார்த்தா என்னைத் தெரியாத மாதிரியே நிக்குது."

நான் அவளைவிட இரண்டு வயது இளையவள். கையில் கிடைத்ததையெல்லாம் வாசிக்கும் வியாதி எனக்கு; மைலோ டின்னைக்கூட விட்டதில்லை. அதனால் எங்களுக்குள் தானாகவே ஓர் ஏற்பாடு வந்துவிட்டது. அவள் புத்தகத்தை நான் சத்தமாக வாசிப்பேன். அவள் சுவரில் சாய்ந்து கண்ணை மூடிக் கேட்பாள். இரண்டு முறை கேட்டால் போதும், பாடம் அவளுடையதாகிவிடும். நான் தட்டுத்தடுமாறி வாசித்தது அவள் வாயிலிருந்து வரும்போது வேறாக இருக்கும். எந்த இடத்தில் நிறுத்த வேண்டும், எங்கே குரலை இறக்க வேண்டும் என்று அவளுக்கு யாரும் சொல்லித் தந்ததில்லை.

நீங்கள் தோட்டப் பள்ளியில் படித்திருந்தால் உங்களுக்கும் நினைவிருக்கும். ஆசிரியர் ஒரு வரி சொல்வார், வகுப்பே சேர்ந்து திருப்பிச் சொல்லும். வேலை முடிந்து பள்ளியைத் தாண்டி வரும் அம்மாக்கள் வேலியோரம் நின்று, அந்த இரைச்சலில் தங்கள் பிள்ளையின் குரலைத் தேடுவார்கள். அக்காவின் குரலைத் தேடவே வேண்டாம். லயத்துப் பிள்ளைகள் அவளுக்கு 'ரேடியோ' என்று பேர் வைத்திருந்தார்கள். அப்படிச் சேர்ந்து சொல்லும் வகுப்பில், வாசிக்கத் தெரியாத ஒரு பிள்ளை முதல் மாணவியாகவே மூன்று வருடம் உட்கார்ந்திருக்க முடியும். பரீட்சைத் தாளில் மதிப்பெண் குறைந்தால், "எழுதத்தான் சோம்பேறி" என்று செல்லமாகத் திட்டுவார்கள்.

நான்காம் வகுப்பில் ஜாசின் மாவட்டக் கதை சொல்லும் போட்டியில் அவளுக்கு முதல் பரிசு கிடைத்தது. மலையில் விழுந்த ஒரு மழைத்துளி கடலைத் தேடிப் போகும் கதை. அம்மா அதற்கென்றே நீலத்தில் பாவாடை தைத்திருந்தார். அடுத்து மாநிலப் போட்டி, மலாக்கா டவுனில். அதற்குள் தோட்டத்து மாரியம்மன் கோயில் திருவிழா வந்தது. மைக்கைக் கொடுத்து மேடையேற்றிவிட்டார்கள். கூட்டம் அப்படியே நின்று கேட்டது. "இந்தப் பிள்ள டிவில நியூஸ் வாசிக்கப் போவுது, பாருங்கலா" என்றார் கிராணி. தோட்டத்து ஆபீசில் கணக்கெழுதும் அவர் அவ்வளவு சுலபத்தில் யாரையும் புகழ்கிறவர் இல்லை.

திருவிழா முடிந்து பள்ளி திறந்தபோது அக்கா வகுப்புக்குப் புது டீச்சர் வந்திருந்தார். சேர்ந்து சொல்வது அவருக்குப் பிடிக்காது. ஒவ்வொருவராக எழுந்து வாசிக்கச் சொன்னார். அக்காவின் முறை வந்தது. கேட்டு வைத்திருந்ததெல்லாம் பழைய பாடம். அவள் புத்தகத்தைக் கையில் பிடித்துக்கொண்டு அந்தப் பழைய பாடத்தை, ஒரு சொல் பிசகாமல், ஏற்ற இறக்கத்தோடு சொல்லிக்கொண்டே போனாள். டீச்சர் திறக்கச் சொன்ன பக்கத்தில் இருந்தது வேறு பாடம். முதலில் யாரோ களுக்கென்று சிரித்தார்கள். பிறகு வகுப்பே சிரித்தது. தன் குரலைக் கேட்டுச் சந்தோஷத்தில் சிரிக்கிறார்கள் என்று நினைத்து, அக்கா இன்னும் சத்தமாகச் சொன்னாளாம்.

அம்மாவைக் கூப்பிடப் பள்ளியிலிருந்து ஆள் வந்தது. தோட்டத்தில் களைக்கு மருந்தடிக்கும் வேலையிலிருந்து பூட்ஸ் காலோடு பள்ளிக்கு ஓடினார்.

"இந்தப் பிள்ளைக்கு வாசிக்கவே தெரியலம்மா."

"என்னா டீச்சர் இப்படிச் சொல்றீங்க? ஜாசின்ல மொத பரிசு வாங்குன பிள்ள."

"அதான் எனக்கும் புரியல."

உண்மையில் யாருக்கும் புரியவில்லை. இப்படியும் ஒரு மூளை இருக்கும், அறிவுக்கும் அதற்கும் சம்பந்தமில்லை, எழுத்தும் ஒலியும் சேரும் இடத்தில் மட்டும் அதற்கு வேறு வழி வேண்டும் என்று சொல்ல அப்போது எங்கள் பக்கத்தில் ஆள் இல்லை. காரணம் என்று ஒன்றைச் சொன்னவர் பக்கத்து வீட்டு அம்சா அத்தைதான்.

"கண்ணு பட்டுருச்சுக்கா. வயசுக்கு வராத பிள்ளய அத்தன பேரு முன்னால நிக்க வெச்சா?"

என் தொழிலில் முதல் பாடம் ஒன்று உண்டு. பழுது வருவதற்கு முன் கடைசியாக மாறியது எதுவோ, அதைச் சந்தேகப்படு. அம்மா செய்ததும் அதுதான். நேற்றுவரை படித்த பிள்ளை இன்று படிக்கவில்லை. நடுவில் நடந்தது மேடை. உப்பும் மிளகாயும் எடுத்துச் சுற்றி அடுப்பில் போட்டார். நெடியே வரவில்லை. அவ்வளவு பேர் கண் பட்டிருக்கிறது என்று அது அவருக்கு உறுதியாகிவிட்டது. மாநிலப் போட்டிக்கு அனுப்ப மாட்டேன் என்று பள்ளியில் சொல்லிவிட்டார்.

"அம்மா, கதை எனக்கு நல்லாத் தெரியும்மா."

"தெரிஞ்சாப் போதும். யார்கிட்டயும் சொல்ல வேணாம்."

அம்மாவின் கண்டிப்பில் கோபம் இருந்ததில்லை. பயம்தான் இருந்தது. வீட்டில்கூட அக்கா குரலை உயர்த்தினால் எழுந்து போய்க் கதவைச் சாத்துவார். வாசிப்பு ஏற்பாட்டை நாங்கள் கிசுகிசுப்பில் தொடர்ந்தோம். அவளும் கிசுகிசுத்தே திருப்பிச் சொன்னாள். அப்புறம் உதடு மட்டும் அசைந்தது. ஒருநாள் என் கையிலிருந்த புத்தகத்தை மெதுவாக மூடி, "நீ உன் பாடத்தப் படிடி" என்றாள். பள்ளியில் அவளை ஸ்டோர் பக்கத்து அறையில், பின்தங்கிய பிள்ளைகளுக்காக நடந்த மீட்பு வகுப்புக்கு மாற்றினார்கள். போகிற வழியெல்லாம் பையன்கள், "ஏய் ரேடியோ, பேட்டரி போச்சா?" என்பார்கள். முன்பென்றால் அவள் கொடுக்கிற பதிலில் அவர்கள் ஒரு வாரம் தலைகாட்ட மாட்டார்கள். இப்போது தலையைக் குனிந்துகொண்டு போனாள்.

படிவம் மூன்றோடு, அதாவது ஒன்பதாம் வகுப்போடு, படிப்பை விட்டாள். இன்று ஒரு ஹோட்டலில் துணி வெளுக்கும் பகுதியில் இருக்கிறாள். நல்ல வேலைக்காரி என்று பேர். எழுத்தாக வருவதையெல்லாம் படம் பிடித்து எனக்கு அனுப்புவாள். நான் வாசித்துக் குரல் பதிவாக அனுப்புவேன். பதிலுக்கு அவள் குரல் வராது. கட்டை விரல் படம் வரும்.

சோதனை முடிந்து எங்களை உள்ளே கூப்பிட்டார்கள். சோதித்த பெண்ணுக்கு என் வயதுதான் இருக்கும்.

"யாழினி ரொம்ப ஸ்மார்ட்க்கா. கேட்டதை அப்படியே புடிச்சிக்கிறா. வாசிக்கிறதுக்கு மட்டும் வேற மாதிரி சொல்லிக் கொடுக்கணும். எழுத்தைக் கையால தொட்டு, ஒலியச் சொல்லி, கொஞ்சம் கொஞ்சமா. தனியா எழுப்பி வாசிக்க மட்டும் வைக்காதீங்க. நீங்க வாசிச்சுக் காட்டுங்க, அவ வாயால சொல்லட்டும்." ஓகேயூ கார்டு பற்றியும் சொன்னார், மாற்றுத்திறனாளி என்று பதிந்துகொள்ளும் அரசாங்க அட்டை. மருத்துவமனையில் உறுதி செய்து எடுத்துவிட்டால் பள்ளியில் தனி உதவி கேட்க வசதி என்றார். அம்மா காலையிலேயே போனில் சொல்லி அனுப்பியிருந்தார்: "கார்டு கீர்டெல்லாம் எடுத்துராதீங்க. நாளைக்கு எவன் கட்டுவான்?"

"வீட்ல வேற யாருக்காச்சும் இப்படி இருந்துச்சா?" என்று கேட்டார் அந்தப் பெண்.

அக்கா தன் கைகளைப் பார்த்துக்கொண்டிருந்தாள். நான் வாயெடுப்பதற்குள், "எனக்கு" என்றாள்.

"அப்ப எப்படிக்கா சமாளிச்சீங்க?"

"சத்தமா சொல்லுவேன்." கைகளைக் கோத்துக்கொண்டு, "அப்புறம் சொல்றதில்ல" என்றாள். அதோடு நிறுத்தவில்லை. "கார்டுக்கு என்னா செய்யணும், சொல்லுங்க. எடுத்துருவோம்."

திரும்பும்போது காரைப் பெம்பான் வழியாக ஓட்டி வந்தேன். லயம் இல்லை. பள்ளி எப்போதோ டவுன் பக்கம் மாறிவிட்டது. இருந்த இடத்தில் தாமான் என்னும் புதுக் குடியிருப்பு வீடுகள், வாசலுக்கு ஒரு கார். பின் சீட்டில் யாழினி ஏதோ பாடிக்கொண்டே வந்தாள். தெருவில் போகிறவர்கள் திரும்பிப் பார்க்கிற சத்தம். என் கை பழக்கத்தில் கண்ணாடியை ஏற்ற ஜன்னல் பொத்தானுக்குப் போனது. அக்கா என் கையைப் பிடித்து நிறுத்தினாள். கண்ணாடி இறங்கியே இருந்தது.

ராத்திரி படுத்துக்கொண்டு எனக்கு நினைவிருப்பதை வரிசைப்படுத்திப் பார்த்தேன். நீலப் பாவாடையின் கரை. கடல் என்று சொல்லும்போது அகலும் இரண்டு கைகள். கதையின் ஒவ்வொரு சொல்லும், நான் வாசித்துக் கொடுத்த வரிசையிலேயே. ஓர் ஒலிநாடா கிடையாது, ஒரு வீடியோ கிடையாது. கண்ணை மூடினால் மேடையும் விளக்கும் கூட்டமும் வந்துவிடுகின்றன. நடுவில் அக்கா நின்று வாயைத் திறக்கிறாள், கைகளை விரிக்கிறாள். சத்தம் மட்டும் வரவில்லை.