இறவாரத்தில் சேர்ந்த கிளாஸ்கள்

எழுபதுகளின் கடைசியில் நாகலாபுரம் பக்கத்து ஊர் ஒன்றில் கணக்கு வாத்தியாராக இருந்தேன். பள்ளிக்கூடத்துக்கு எதிரே ஒரே ஒரு டீக்கடை. கண்ணாடி கிளாஸ் பதினொன்று. கூரை இறவாரத்தில் செருகிய அலுமினிய டம்ளர் மூன்று. அந்த மூன்றும் கீழத்தெரு ஆட்களுக்கு. அவர்களே எடுத்து, வெளியே நின்று குடித்து, கழுவிச் செருகிவிட்டுப் போக வேண்டும். எதையாவது எண்ணினால் எனக்கு மனசு கொஞ்சம் அடங்கும். அந்த மூன்றை எண்ணினால் மட்டும் அடங்காது.

கடைக்காரர் எங்கள் சபைக்காரர். ஆராதனையில் காணிக்கைப் பை எடுப்பவர்.

ஓட்டப்பிடாரம் பக்கமிருந்து ஓர் ஆசிரியர் மாற்றலாகி வந்தார். அவரும் கிறிஸ்தவர். வந்த முதல் ஞாயிற்றுக்கிழமை திருவிருந்தில் கடைக்காரர், அவர், நான் மூவரும் அடுத்தடுத்து முழங்காலிட்டு ஒரே பாத்திரத்தில் குடித்தோம். மறுநாள் மத்தியானத்துக்குள் அவர் எந்தத் தெருவில் பிறந்தவர் என்று ஊர் விசாரித்து முடித்துவிட்டது. கடைக்காரர் என்னைத் தனியே கூப்பிட்டார்.

"சார்வாள், சாயங்காலம் புது சாரைக் கூட்டிட்டு வராதீய. வந்தா மேல இருக்கதைத்தான் எடுத்துக்கிடச் சொல்லணும்."

"நேத்து அவியளும் நீங்களும் ஒரே பாத்திரத்துலதான குடிச்சீய, அண்ணாச்சி?"

"அது கோயில். இது கடை. இங்க வாரவுக எல்லாரும் நம்ம சபையா? நாலு பேரு எந்திரிச்சுப் போயிட்டா என் பாலை நீங்களா குடிப்பீய?"

புது ஆசிரியர் வரக்கூடாது என்று ஜெபித்தேன். பள்ளி விட்டதும் குடையை எடுத்துக்கொண்டு, "போவமா சார்?" என்று வந்து நின்றார்.

கடையில் பெஞ்சு நிறைய ஆள். கடைக்காரர் தாடையால் இறவாரத்தைக் காட்டினார். புது ஆசிரியரின் முகம் இறுகியது. நான் முந்திக்கொண்டு கையை நீட்டி ஓர் அலுமினிய டம்ளரை உருவி, "எனக்கு இதுல ஊத்துங்க" என்றேன். தாழ்ந்த இடத்தில் போய் நிற்பதுதான் விசுவாசம் என்று நினைத்தேன்.

"சார்வாளுக்கு வெயிலு தலைக்கேறிட்டு போல. நல்லெண்ணெய் தேய்க்கச் சொல்லுங்கலே" என்றார் பெஞ்சிலிருந்து ஒருவர். எல்லோரும் சிரித்தார்கள். புது ஆசிரியர் குடிக்காமலே இறங்கி நடந்தார். கரிசல் புழுதியில் பின்னாலேயே ஓடினேன்.

"உங்களை யாரு சார் அதுல குடிக்கச் சொன்னது?" என்றார். "நீங்க நாளைக்கே கண்ணாடிக்குத் திரும்பிரலாம். நான் எங்க திரும்ப? எனக்காக இரக்கப்படாதீங்க. எனக்குக் கிளாஸ் கேளுங்க."

அதுதான் எனக்கு வராத வேலை. அலுமினியத்தில் குடித்தால் என் வாய் மட்டும்தான் கெடும். கிளாஸ் கேட்டால் அந்தப் பெஞ்சு முழுவதையும் கேட்க வேண்டும்.

மறுநாள் மாலை போனோம். "ரெண்டு டீ, அண்ணாச்சி. ரெண்டும் கிளாஸ்ல" என்றேன். என் குரல் எனக்கே கேட்கவில்லை, திரும்பவும் சொன்னேன். கடைக்காரர் ஒரே ஒரு கிளாஸை என் முன்னால் வைத்தார். அதைப் புது ஆசிரியர் பக்கம் நகர்த்தினேன். அவர் எடுத்து, சூட்டுக்கு ஊதி, அவசரப்படாமல் குடித்தார். இரண்டு பேர் பாதி டீயை வைத்துவிட்டு எழுந்தார்கள்.

"மனு போட்டா மாத்தல் தானா வரும், சார்வாள்" என்றார் அதில் ஒருவர், போகிற போக்கில்.

கடைக்காரர் அந்தக் கிளாஸை உள்ளே கொண்டுபோகவில்லை. இறவாரத்தில் செருகினார்.

அடுத்த நாளும் அப்படியே. அதற்கடுத்த நாளும். தினம் ஒரு கிளாஸ் மேலே போனது. தபால்காரர் பள்ளிக்குள் நுழைந்தால் மாற்றல் உத்தரவோ என்று எட்டிப் பார்ப்பேன். புது ஆசிரியர் ஒரு நாளும் நன்றி என்று சொல்லவில்லை. நானும் டீ குடிக்கவில்லை.

மேலே ஆறு சேர்ந்தபோது பருத்தி எடுப்பு தொடங்கியது. வியாபாரிகள் வண்டியோடு வந்து இறங்கினார்கள். கீழே இருந்த ஐந்து போதவில்லை. கோவில்பட்டி வியாபாரி ஒருவர், "என்ன அண்ணாச்சி, குருவிக்குக் கூடா கட்டி வச்சிருக்கீய?" என்று எட்டி ஒரு கிளாஸை எடுத்து, தானே கழுவி நீட்டினார். கடைக்காரர் என்னைப் பார்த்தார். பிறகு ஊற்றினார். இன்னும் நாலு கைகள் மேலே நீண்டன. கொஞ்ச நேரத்தில் எது மேலே இருந்தது, எது கீழே இருந்தது என்று யாருக்கும் தெரியவில்லை. அப்போது புது ஆசிரியர் என் முகத்தைப் பார்க்காமல், தானே, "ஒரு டீ" என்றார். கிளாஸில் வந்தது.

எழுந்து போன இருவரும் கடைக்குத் திரும்பவில்லை. கடைக்காரர் கோயிலில் என் பெஞ்சில் உட்காருவதை விட்டுவிட்டார். அலுமினிய டம்ளர் மூன்றும் செருகிய இடத்திலேயே இருந்தன. கீழத்தெரு ஆட்கள் அதில்தான் குடித்தார்கள். புது ஆசிரியர் மறுநாள் என்னைக் கூப்பிடவில்லை. பள்ளி வாசலில் நின்று பார்த்தேன். தனியாகவே கடைக்குள் போய், பெஞ்சில் உட்கார்ந்தார்.