ஆல்டர்மோர் ஈயம்

என் மாமியார் தாமசினுக்கு ஆல்டர்மோர் மாளிகையில் இரண்டு வேலை. ஒன்று, துணி வெளுப்பது. மற்றது, அந்த வீட்டில் யாராவது இறந்தால் குளிப்பாட்டி, தாடையைக் கட்டி, வெள்ளைத் துணி சுற்றிக் கொடுப்பது. முதல் வேலைக்குக் கூலி உண்டு. இரண்டாவதற்கு ஒரு ஜாடி ஆப்பிள் மதுவும், செத்தவர் படுத்திருந்த விரிப்பும். நான் மருமகளாக வந்து படுத்த முதல் விரிப்பே அப்படி வந்ததுதான் என்பதை அத்தை பல வருஷம் கழித்துத்தான் சொன்னார்.

மாளிகையின் எசமான் சர் ஜெர்வேஸ் ஆல்டர்மோர். எங்கள் பக்கத்துக்காகப் பாராளுமன்றத்தில் உட்கார்ந்தவர். ராஜாவுக்கும் பாராளுமன்றத்துக்கும் பகை முற்றியபோது லண்டனை உதறிவிட்டு வந்து, ராஜா ஆக்ஸ்ஃபோர்டில் கூட்டிய சபையில் போய் உட்கார்ந்தார். பெரிய பேச்சாளர் இல்லை. எதைப் பற்றிப் பேச எழுந்தாலும் தன் முப்பாட்டனுக்கும் முப்பாட்டன் வாரினிலிருந்து ஆரம்பிப்பார், அதற்குள் பாதிப்பேர் சாப்பிடப் போய்விடுவார்கள் என்று சொல்லிச் சிரிப்பார்களாம்.

ஆனால் அந்த முன்னோர்கள் அவருக்கு விளையாட்டு இல்லை. மாளிகையை ஒட்டிய சிற்றாலயத்துக்கு அடியில் ஒரு நிலவறை. அதில் ஆறு ஈயச் சவப்பெட்டிகள், ஆறு தலைமுறை. வீட்டு வாரிசுக்கு விவரம் தெரியும் வயது வந்ததும் அப்பா கீழே கூட்டிப்போவார். பிள்ளை ஒவ்வொரு பெட்டியாகத் தொட்டுச் சொல்ல வேண்டும்: வாரின், வாரின் மகன் ஹ்யூபர்ட், ஹ்யூபர்ட் மகன் ரெய்னால்ட், ரெய்னால்ட் மகன் எட்மண்ட், எட்மண்ட் மகன் ஹம்ஃப்ரி, ஹம்ஃப்ரி மகன் மைல்ஸ். அந்த மைல்ஸ்தான் சர் ஜெர்வேஸின் அப்பா. உயிரோடிருப்பவர்களின் பெயரை அங்கே சொல்லக்கூடாது.

அந்த வம்சத்தைப் பற்றி, குளிப்பாட்டுகிறவர்களுக்கு மட்டும் தெரிந்த ஒரு விஷயம் உண்டு. மைல்ஸ் துரை இறந்தபோது அத்தை புதிதாக வேலைக்குச் சேர்ந்திருந்தார். குளிப்பாட்டியபின் கண்ணை மூடினார். வலது கண் மூடிக்கொண்டது. இடது கண் திறந்தது. மறுபடி மூடினார், மறுபடி திறந்தது. கூட இருந்த கிழவி சொன்னாளாம், “விட்டுடு. இந்த வீட்டு ஆம்பளைங்க எல்லாருக்கும் அப்படித்தான். ஒத்தக் கண்ணால பாத்துக்கிட்டேதான் போவாங்க.”

சர் ஜெர்வேஸுக்கு ஒரே மகன், அம்ப்ரோஸ். அவனும் சின்ன வயதில் பெட்டிகளைத் தொட்டுப் பெயர் சொன்னவன்தான். ஆனால் படிக்கப்போன இடத்தில் மனசு மாறி, பாராளுமன்றத்தின் படையில் சேரப் போகிறேன் என்று வந்து நின்றான். அப்பாவும் மகனும் முற்றத்தில் கத்திக்கொண்டதை, துணி உலர்த்திக்கொண்டிருந்த அத்தை கேட்டார்.

“கீழ படுத்திருக்கற ஆறு பேருக்காக நீங்க ராஜா பக்கம் நிக்கறீங்கப்பா. மேல நடமாடறவங்களைக் கொஞ்சம் பாருங்க.”

“இந்த வாசப்படியைத் தாண்டினே, உன் பேரு அந்த வரிசையில வராதுடா.”

“வராட்டிப் போகுது.”

போகிற போக்கில் உலர்ந்திருந்த சட்டை ஒன்றைக் கொடியிலிருந்து உருவிக்கொண்டு, “வரேன் தாமசின்” என்று சொல்லிவிட்டுப் போனான். அதற்குப்பின் அவன் பெயரை வீட்டில் யாரும் எடுக்கக்கூடாது என்று உத்தரவு.

போர் எங்கள் பக்கம் வந்த கோடையில், பாராளுமன்றப் படை மாளிகையைச் சுற்றி வளைத்தது. உள்ளே இருந்தது ஊர்க்காரர்களும் வேலைக்காரர்களுமாகக் கொஞ்சம் பேர். அவர்களில் என் கணவர் பார்னபியும் ஒருவர்; அப்போது எங்களுக்குக் கல்யாணம் ஆகவில்லை. அவர்களுக்குத் தலைவன் பெவன் என்ற வேல்ஸ்காரன். வெடிமருந்து இருந்தது. குண்டு வார்க்க ஈயம் இல்லை. கூரைத் தகடு போயிற்று, மழைநீர்க் குழாய் போயிற்று, ஜன்னல் கண்ணாடியைப் பிடித்திருந்த ஈயக்கம்பி போயிற்று.

“இனிமே அவங்க மேல சீஸ் கட்டியைத்தான் எறியணும்” என்றான் பெவன். “நம்ம தாமசின் சுட்ட ரொட்டி இருக்கு. அது பட்டா கண்டிப்பா சாவான்.”

“உன் பல்லுல பட்டா அதுவும் உதிரும், வாயை மூடு” என்றார் அத்தை.

சர் ஜெர்வேஸ் சிரிக்கவில்லை. “கீழ இருக்கு” என்றார்.

“எங்க எசமான்?”

“கீழதான். ஆறு பெட்டி.”

பெவன் தொப்பியைக் கழற்றினான்.

அன்று மத்தியானம் பார்னபி உளியும் சுத்தியுமாக நிலவறையில் இறங்கினார். எலும்புகளை எடுத்துத் துணியில் கட்டி வைக்க அத்தை. எசமான் படியில் நின்றுகொண்டிருந்தார். வாரின் ஒரு கூடை எலும்பு. ஹ்யூபர்ட் அதைவிடக் குறைவு. ஒவ்வொருவரையும் ஒவ்வொரு படுக்கைவிரிப்பில் கட்டி அதே இடத்தில் வைத்தார் அத்தை. பெவனுக்கு வாய் சும்மா இருக்காது. “பெரியவரே, கொஞ்சம் தள்ளிப் படுங்க, போர்வையை எடுத்துக்கறோம்” என்று ஒவ்வொரு பெட்டியிடமும் சொல்லிக்கொண்டிருந்தான்.

ஐந்தாவது பெட்டியின் மூடியை உரித்ததும் அவன் நிறுத்திவிட்டான். உள்ளே ஹம்ஃப்ரி துரை முழுசாக இருந்தார். தாடி இருந்தது. நகம் இருந்தது. தோல் மட்டும் பழைய சேணம் மாதிரி கறுத்திருந்தது. வலது கண் மூடியிருந்தது. இடது கண் திறந்திருந்தது. அதில் ஈரம் இருந்தது என்று அத்தை சாகும்வரை சொன்னார். “எதுவும் நாறலடி. நாறியிருந்தா எனக்கு அவ்வளவு பயம் வந்திருக்காது.”

“தாத்தா” என்று மட்டும் சொன்னார் சர் ஜெர்வேஸ். பிறகு, “சீக்கிரம் சுத்து, தாமசின்.”

அத்தையின் வெளுப்பறை அடுப்பில்தான் ஈயத்தை உருக்கினார்கள். அச்சில் ஊற்றி, ஆறவைத்து, பிசிறு வெட்டி, பையில் போட்டார்கள்.

மறுநாள் காலை அத்தை ஆலயத்துப் பக்கம் போனபோது நிலவறையிலிருந்து குரல் வந்தது. வாரின், வாரின் மகன் ஹ்யூபர்ட். இரண்டு படி இறங்கிப் பார்த்தார். சர் ஜெர்வேஸ் துணி மூட்டைகளுக்கு முன்னால் மண்டியிட்டு, ஒவ்வொரு பெயராகச் சொல்லி மன்னிப்புக் கேட்டுக்கொண்டிருந்தார். அப்பாடா என்று அத்தை சத்தமில்லாமல் மேலே வந்துவிட்டார். தினமும் காலையில் அந்தக் குரல் வரும். எல்லாரும் பழகிப்போனார்கள். “எசமான் உறவுக்காரங்களைப் பாக்கப் போயிருக்கார்” என்பான் பெவன்.

பீரங்கி கடைசியில் ஆலயத்துப் பக்கத்து மதிலை உடைத்தது. ஏணியோடு எதிரிகள் வரப்போகிறார்கள் என்று தெரிந்த காலையில், உடைப்புக்கு நேராக ஏழு பேரை நிறுத்தினார்கள். பார்னபி அதில் ஒருவர். சர் ஜெர்வேஸ் தன் கையாலேயே குண்டுகளைப் பங்கிட்டுக் கொடுத்தார். பையைப் பிடித்துக்கொண்டு அத்தை பக்கத்தில் நின்றார்.

அப்போது நிலவறையில் குரல் கேட்டது.

வாரின், வாரின் மகன் ஹ்யூபர்ட், ஹ்யூபர்ட் மகன் ரெய்னால்ட்.

அத்தை எசமானின் வாயைப் பார்த்தார். அது அசையவில்லை. அவர் கை பைக்குள்ளேயே நின்றுவிட்டது. குரல் அவசரமில்லாமல் எட்மண்டையும் ஹம்ஃப்ரியையும் மைல்ஸையும் சொன்னது. எப்போதும் அங்கேதான் முடியும். அன்று முடியவில்லை. ஒரு மூச்சு விட்டுவிட்டு, “மைல்ஸ் பேரன் அம்ப்ரோஸ்” என்றது.

“கீழ யாரு?” என்றார் சர் ஜெர்வேஸ்.

“யாரும் இல்லீங்க எசமான். நம்ம ஆளுங்க எல்லாரும் மேலதான் இருக்காங்க” என்றார் அத்தை.

“நீ கேட்டியா?”

“கேட்டேங்க.”

“என் மகன் வடக்க இருக்கான். யார்க் பக்கம். எனக்கு நல்லாத் தெரியும்.” அதை அவர் இரண்டு தரம் சொன்னார்.

புகைக்கும் கல்தூசிக்கும் நடுவே ஏணியின் தலை தெரிந்தது. முதலில் ஏறி வந்தவன் ஓர் அதிகாரி. இடுப்பில் ஆரஞ்சு நிறப் பட்டை. முகம் தெரியவில்லை. பெவன் திரும்பிக் கத்தினான். “எசமான்! சொல்லுங்க! சுடட்டுமா?”

அவர் நிலவறைப் பக்கம் திரும்பிப் பார்த்தார்.

“எசமான், மேல வந்துட்டான்!”

“சுடுங்க” என்றார்.

ஏழு துப்பாக்கியும் வெடித்தன. அந்த அதிகாரி உள்பக்கமாக முகங்குப்புற விழுந்தான். அவனுக்குப் பின்னால் வந்தவர்கள் ஏணியோடு சரிந்தார்கள். அந்தத் தரம் எதிரிகள் பின்வாங்கிவிட்டார்கள். பெவன் தொப்பியைத் தூக்கி எறிந்து கூத்தாடினான்.

சண்டை ஓய்ந்த நேரத்தில் செத்தவர்களைக் கழுவி வைப்பது வழக்கம். எதிரியாக இருந்தாலும் அப்படித்தான். அவர்கள் ஆட்கள் கேட்டு வந்தால் உடலைக் கொடுக்க வேண்டும். அந்த அதிகாரியை வெளுப்பறைப் பலகையில் கிடத்தினார்கள். கல்லில் மோதி மூக்கும் கன்னமும் சிதைந்திருந்தன, மேலே வெடிமருந்துக் கரி. அத்தை வெந்நீரில் துணியை நனைத்துக் கரியைத் துடைத்தார். வலது கண்ணை மூடினார். மூடிக்கொண்டது. இடது கண்ணை மூடினார்.

துணியைக் கீழே போட்டுவிட்டு அத்தை வெளியே வந்தார். எசமான் வாசலிலேயே நின்றுகொண்டிருந்தார். யாரும் அவரைக் கூப்பிடவில்லை.

“கண்ணு மூடலையா?” என்றார்.

அது அவருக்கும் தெரியும் என்று அத்தை அப்போதுதான் அறிந்தார். “மூடலீங்க” என்றார்.

அவர் உள்ளே போனார். கொஞ்ச நேரத்தில் வெளியே வந்து, உலர்ந்த விரிப்பு ஒன்றைத் தானே கொடியிலிருந்து எடுத்து, பெவன் தடுக்கத் தடுக்க மதில்மேல் ஏறி, வெள்ளைக்கொடியாகத் தொங்கவிட்டார். அன்றைக்கே மாளிகை எதிரிகள் கைக்குப் போயிற்று. அவர்களுடைய கர்னல் நல்ல மனுஷன். மகனை அடக்கம் செய்துவிட்டு வாருங்கள் என்று காத்திருந்தார். அம்ப்ரோஸைப் பெட்டியில்லாமல், துணி மூட்டைகளுக்கு நடுவே வெறுந்தரையில் கிடத்தினார்கள். வடக்கே இருந்த படையிலிருந்து, எங்கள் பக்கத்துப் பாதை தெரிந்தவன் என்று அவனை வரவழைத்திருந்தார்களாம். மாளிகையில் ஒருத்தரும் சாகாமல் பேசி முடிக்கிறேன் என்று கெஞ்சியிருக்கிறான். கேட்காததால், நானே முதலில் ஏறுகிறேன், என்னைப் பார்த்தால் சுடமாட்டார்கள் என்றானாம்.

சர் ஜெர்வேஸைச் சிறைக்குக் கொண்டுபோனார்கள். மாளிகையை இடித்தார்கள்.

பார்னபி அன்றிலிருந்து ராத்தூக்கத்தில் பல்லைக் கடிப்பார். கல்யாணமான புதிதில் ஒருநாள் சாப்பாட்டு நேரத்தில், நான் இருப்பதையும் மறந்து அத்தையிடம் கேட்டார். “அம்மா, நெஞ்சுல எத்தனை குண்டு பட்டிருந்துச்சு?”

“ஒண்ணு.”

“என்னோடதா?”

“ஏழு பேரு சுட்டீங்க. கஞ்சியைக் குடி.”

அவர் கஞ்சியைக் குடித்துவிட்டு எழுந்து போனார்.

சர் ஜெர்வேஸ் சிறையிலிருந்து திரும்பி வந்தபோது தலை முழுக்க நரைத்திருந்தது. வாயிற்காப்பு வீடு மட்டும் மிஞ்சியிருந்தது, அதில் தங்கினார். வந்த மறுநாளே எங்கள் வீட்டுக்கு வந்தார். குனிந்து உள்ளே நுழைந்த எசமானைக் கண்டு பார்னபி எழுந்து, சுவரோடு சுவராக ஒட்டிக்கொண்டார்.

“பார்னபி, நீ அந்த ஏழு பேர்ல ஒருத்தன் இல்ல?”

“ஆமாங்க எசமான்.”

“உக்காரு. நான் பேரைக் கேட்டேன். காதால கேட்டேன். தாமசினும் கேட்டா. கேட்டுட்டுத்தான் சுடச் சொன்னேன். நீ சும்மா ஒரு துப்பாக்கியைப் பிடிச்சிருந்த. அவ்வளவுதான்.”

அவர் போனபின் பார்னபி அழுத அழுகையை நான் யாரிடமும் சொன்னதில்லை. அன்றிரவு அவர் பல்லைக் கடிக்கவில்லை.

போரில் தோற்ற ராஜாவின் தலையை வெட்டினார்கள். பல வருஷம் கழித்து அவர் மகன் நாடு திரும்பி அரியணை ஏறியதும், ஊர் மறுபடியும் சர் ஜெர்வேஸைப் பாராளுமன்றத்துக்கு அனுப்பியது. ராஜாவுக்காக எதை எதை இழந்தோம் என்று அங்கே ஆளாளுக்கு விருந்துகளில் பெருமை பேசினார்களாம். இவர் சபையில் ஒருதரம்கூட எழுந்து பேசவில்லை. வம்சங்களைப் பதிகிற அரசாங்க அதிகாரி ஒருவர் எங்கள் மாவட்டத்துக்கு வந்தபோது, அவருக்குச் சாப்பாடு பரிமாறப் போனவள் நான்தான். ஆறு தலைமுறையையும் மடமடவென்று சொன்னார் சர் ஜெர்வேஸ்.

“வாரிசு?” என்றார் அதிகாரி.

“அம்ப்ரோஸ். ஒரே மகன். இறந்துட்டான்.”

“எந்தப் போர்ல? யார் பக்கம்?”

“வீட்டுல” என்றார் அவர். “வீட்டுலதான் இறந்தான்.” பிறகு என்னைப் பார்த்து, அதிகாரிக்கு இன்னும் கொஞ்சம் ஆட்டிறைச்சி போடச் சொன்னார்.

அவர் லண்டனிலேயே இறந்தார். யாரோ குளிப்பாட்டி, எங்கேயோ புதைத்தார்கள். பிரிஸ்டலிலிருந்து வந்த தூரத்து உறவுக்காரன் ஒருவன் நிலத்தை விற்றுவிட்டுப் போனான்.

நாங்கள் பிரிட்ஜ்நார்த்துக்குக் குடிபோனோம். அத்தை அங்கே சந்தையில் சீஸ் விற்றார். அவர் முன்பு என்ன வேலை செய்தவர் என்று தெருவில் யாருக்கும் தெரியாது. பக்கத்து வீட்டில் சாவு விழுந்து, கைகொடுக்க ஆள் வேண்டும் என்று யாராவது கதவைத் தட்டினால், “எனக்கு அதெல்லாம் பழக்கமில்லம்மா” என்று சொல்லிவிட்டு, கூடையை எடுத்துக்கொண்டு ஆற்றங்கரைக்குப் போய்விடுவார். அடக்கம் முடிந்தபிறகுதான் வீடு திரும்புவார்.