மஞ்சள் கயிறும் ரைட் ஃபீல்டும்

போன சனிக்கிழமை, யாங்கோனை அடுத்த தன்லியின் என்ற ஊர் மைதானத்தில், என் தம்பியின் எதிர்காலத்தை ஒரு மஞ்சள் கயிறு பிடித்து நிறுத்திவிட்டது. அந்தக் கயிற்றைக் கட்டியபோது தாம்பாளம் ஏந்தி நின்றவள் நான்தான்.

தம்பி என்றால் சித்தி மகன். வீட்டில் முருகன், கல்லூரியில் பர்மியப் பெயர், ஸோ மின். ஆடுவது பேஸ்பால். யாங்கோனில் பேஸ்பாலா என்று கேட்காதீர்கள்... கெடுத்தது நான். அமெரிக்காவில் காலேஜ் டீமில் ஆடி மேஜர் லீக் வரை போனவர்களைப் பற்றி ஒரு நோட்டே போட்டிருக்கிறேன். எங்கள் பசுந்தாங் பேட்டையிலிருந்து ஆபீஸ் போகும் பஸ்ஸில் அதுதான் என் படிப்பு. படித்ததைச் சொல்ல ஓர் ஆள் வேண்டாமா? முருகனிடம் சொன்னேன். அவன் பந்தையே எடுத்துவிட்டான். இன்று அவன் பிட்ச்சர் — பேட்ஸ்மேனுக்குப் பந்து எறிகிறவன்.

தாய்லாந்துக் கல்லூரி ஒன்றின் கோச் அவன் எறிவதைப் பார்க்க வருவதாகச் செய்தி வந்தது. பிடித்துப்போனால் ஸ்காலர்ஷிப்போடு சீட். சித்தி உடனே அம்மனிடம் வேண்டிக்கொண்டாள்: சீட் கிடைத்தால் பிள்ளை தீ மிதிப்பான்.

கிடைத்த பிறகுதானே மிதிக்க வேண்டும்? ஆனால் தீமிதி ஞாயிற்றுக்கிழமை, ஆட்டம் சனிக்கிழமை; மிதிக்கிறவன் சில நாள் முன்பே காப்புக் கட்டியாக வேண்டும். விட்டால் அடுத்த வருஷம். அம்மனைக் காக்க வைப்பதா? சித்தி அட்வான்ஸாகக் காப்புக் கட்ட வைத்துவிட்டாள்.

காப்புக் கட்டினால் தீ மிதிக்கும்வரை அவிழ்க்கக் கூடாது. பிட்ச்சரின் மணிக்கட்டில் எதுவும் இருக்கக் கூடாது. இரண்டு விதியும் எனக்கு மனப்பாடம். இரண்டையும் சேர்த்துப் பார்க்கத்தான் தோன்றவில்லை.

அம்பயர் பர்மியில் சொன்னார்: "கயித்தக் கழட்டிட்டு வா."

"கழட்டக் கூடாது, ஸயா," என்றான் முருகன். ஸயா என்றால் சார்.

"அப்ப எறியவும் கூடாது."

சித்தியிடம் ஓடினேன். "அறுத்துரலாமா சித்தி? ஆத்தாகிட்ட அப்பறம் சொல்லிக்கலாம்."

"நாளைக்கி நெருப்புல நீ எறங்குறியா?" என்றவள், கொஞ்சம் யோசித்து, "எடது கைக்கு மாத்திக் கட்டுனா ஒத்துக்குவாரா?" என்றாள்.

"எந்தக் கையிலயும் கூடாது."

"என்ன வெளாட்டுடி இது."

முருகன் எங்களைப் பார்க்காமல் அம்பயரிடமே கேட்டான்: "ஸயா, நான் ரைட் ஃபீல்டுக்குப் போறேன். அங்க கயிறு இருக்கலாம்ல?"

இருக்கலாம். மைதானத்தின் வலது கோடி அது. தாய்லாந்து கோச் வேகம் அளக்கும் கருவியைப் பைக்குள் வைத்துவிட்டார். சித்தி கண்ணை மூடிக்கொண்டாள்.

என் நோட்டில் பலர் காலேஜில் ஓர் இடத்தில் ஆடி, மேஜர் லீக்கில் வேறோர் இடத்தில் நின்றவர்கள். 'இடம் மாறினார்' என்று இரண்டே சொல்லில் எழுதிவிட்டுத் தாண்டியிருக்கிறேன். அந்த இரண்டு சொல்லுக்குள் எத்தனை சித்திகள் கண்ணை மூடிக்கொண்டார்களோ... இப்போது தெரிகிறது.

ஐந்து இன்னிங்ஸ் அவன் பக்கம் ஒரு பந்துகூட வரவில்லை. ஆறாவதில் ஒன்று உயரமாக வந்தது. பிடித்தான். மூன்றாவது பேஸில் நின்ற எதிரணிக்காரன், தொட்டால் ரன் கிடைக்கும் ஹோமுக்கு ஓடினான். முருகன் எறிந்தான். பந்து எங்கும் தரையைத் தொடாமல் நேராக ஹோமில் காத்திருந்த கேட்ச்சரின் கையுறையில் போய் விழுந்தது. ஓடி வந்தவன் அவுட்.

கோச் எழுந்து நின்றார். ஆட்டம் முடிந்ததும் மொழிபெயர்ப்பாளரோடு வந்து, சீட் உண்டு என்றார். பிட்ச்சரா, ரைட் ஃபீல்டா என்பதை அங்கே வந்தபின் பார்க்கலாமாம். பிட்ச்சராகத்தான் போகவேண்டும் என்று ஆசைப்பட்டவன், ஒரு நொடி முகம் வாடி, பிறகு தலையாட்டினான்.

மறுநாள் அவன் தீ மிதித்து வந்ததும் காப்பை அவிழ்த்தார்கள். பையன் ரைட் ஃபீல்டுக்கே போய்விடலாம் என்று சித்திக்கு விளக்கினேன். பொறுமையாகக் கேட்டாள். அவளுக்கு ஒரே ஒரு சந்தேகம்தான்.

"அந்தக் கோடியில நெழல் இருக்குமாடி?"